கோலாலம்பூர், பினாங்குக்குப் புதிதாக வந்தவர்கள் தயக்கமில்லாமல் ஆங்கிலம் பேச: முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வீடெடுத்துத் தங்கினால் ஆறு மாதம் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசாமல் ஓட்டிவிடலாம். பசியாறத் தமிழ்க் கடை, மளிகைக்குத் தமிழ்க் கடை, முடிவெட்ட, ஊருக்குப் பணம் அனுப்ப, பூ வாங்க என எல்லாம் தமிழிலேயே நடக்கும். பினாங்கில் லெபோ பாசார் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். பிறகு ஒருநாள் காய்ச்சல் வந்து கிளினிக்குக்குப் போக வேண்டியிருக்கும், அல்லது சம்பளச் சீட்டில் கணக்கு இடிக்கும். அப்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த வழிகாட்டி அப்படி நின்றுபோகிறவர்களுக்கு. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், பள்ளியில் ஆங்கிலப் பாடத்தில் தேறியும் இருப்பீர்கள், ஆனால் எதிரே ஆள் வந்தால் வாய் திறக்காது. இவர்களில் பெரும்பாலோருக்குச் சொல் பஞ்சம் இல்லை. அடுத்து என்ன கேட்பார்களோ என்பதுதான் பயம். கவுண்டரில் கேட்கப்போகும் எட்டுக் கேள்விகளும் முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பயத்தில் பாதி வாசலிலேயே இறங்கிவிடும். கீழே உள்ளவை எல்லாம் இந்த ஒரு யோசனையிலிருந்து கிளைத்தவை.

எழுத்து பற்றி ஓர் எச்சரிக்கை. இங்கே ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். தமிழ் எழுத்தில் ஆங்கில உச்சரிப்பைக் கற்க முடியாது. ‘பேட்’ என்று எழுதினால் அது கெட்டதா, கிரிக்கெட் மட்டையா, எழுதும் அட்டையா, முதுகில் தட்டுவதா? ஆங்கிலத்தில் இவை நான்கு வேறு ஒலிகள். அதனால் இங்கே வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் கைப்பேசியில் தட்டி, ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தி, காதால் கேட்டுவிட்டே வாயில் போடுங்கள்.

இங்கே ஓடும் ஆங்கிலம்

உங்கள் எதிரே நிற்பவர் அநேகமாக வெள்ளைக்காரர் இல்லை. வீட்டில் மலாயோ, கேன்டனீஸோ, ஹொக்கியனோ, தமிழோ பேசிவிட்டு வந்தவர். அவருக்கும் ஆங்கிலம் இரண்டாவது அல்லது மூன்றாவது மொழி. இலக்கணம் தவறினால் அவர் கவனிக்கப் போவதில்லை. ஒலி தெளிவாக இல்லாவிட்டால்தான் அவருக்குச் சிக்கல். உழைப்பை எங்கே போடுவது என்பதை இது தீர்மானிக்கிறது.

எங்கும் ஆங்கிலம் என்று நினைத்தும் வரவேண்டாம். ஆட்சிமொழி மலாய். அரசாங்க அலுவலகங்களில் படிவமும் பேச்சும் மலாயில்தான் தொடங்கும். அங்கே நேரே ஆங்கிலத்தில் இறங்காமல், ‘மாஃப், சாயா தாக் பண்டாய் மெலாயு. இங்கிலீஷ் போலே?’ என்று கேளுங்கள். மன்னிக்கவும், எனக்கு மலாய் வராது, ஆங்கிலத்தில் பேசலாமா என்று பொருள். இந்த ஒரு வரி கவுண்டரில் இருப்பவரின் முகத்தையே மாற்றும். தனியார் மருத்துவமனை, வங்கி, பேரங்காடி, ஐடி நிறுவனம், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் அலுவலகப் பக்கம் ஆகிய இடங்களில் ஆங்கிலம் தாராளமாக ஓடும்.

உள்ளூர் ஆங்கிலத்தில் சில சொற்களுக்குப் பொருளே வேறு. ‘கேன்’ என்றால் சரி, முடியும், ஆகட்டும் எல்லாம். ‘லாஸ்ட் டைம்’ என்றால் போன தடவை என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் ‘முன்பெல்லாம்’ என்றுதான் சொல்கிறார்கள். ‘ஐ செண்ட் யூ’ என்றால் கொண்டுபோய் விடுகிறேன். ‘ஃபாலோ மீ’ என்றால் என்னோடு வா. மெஷின் ‘ஸ்பாயில்’ என்றால் பழுது. ‘கோஸ்தான்’ என்றால் வண்டியைப் பின்னால் எடு. ‘சாப்’ என்றால் கம்பெனி முத்திரை. படிவத்தைத் தள்ளிக்கொடுத்து ‘நோ சாப்’ என்றால் முதலாளியிடம் முத்திரை வாங்கிவரச் சொல்கிறார்கள். ‘எம்சி’ என்பது மருத்துவ விடுப்புச் சீட்டு. ‘தபாவ்’ என்றால் சாப்பாட்டைக் கட்டிக்கொடு.

ஊரிலிருந்து கொண்டுவந்த சொற்கள் சிலவற்றை விமானத்திலேயே விட்டுவிட வேண்டும். இங்கே ஹோட்டல் என்றால் தங்கும் விடுதி மட்டும். சாப்பிட ‘ஹோட்டல் எங்கே’ என்று கேட்டால் அறை வாடகைக்குக் கை காட்டுவார்கள். ‘ஜெராக்ஸ்’ இங்கே ‘ஃபோட்டோஸ்டாட்’, ‘ரீசார்ஜ்’ இங்கே ‘டாப் அப்’ அல்லது ‘ரீலோட்’, ‘செல்’ இங்கே ‘ஹேண்ட்ஃபோன்’. ‘பார்சல்’ என்றால் கூரியர் பொட்டலம். ‘கரண்ட் இல்லை’ என்பதற்கு ‘நோ எலெக்ட்ரிசிட்டி’. எல்லாவற்றையும்விடப் பெரிய கண்ணி லட்சம். இங்கே அதைச் சொன்னால் தமிழர் அல்லாத பலருக்கு விளங்காது. ஒரு லட்சம் ‘ஹண்ட்ரட் தௌசண்ட்’, பத்து லட்சம் ‘ஒன் மில்லியன்’.

இந்த உள்ளூர் ஆங்கிலத்தை நாமும் பேச வேண்டுமா? முழுக்கப் புரிந்துகொள்ளுங்கள், கடையிலும் பட்டறையிலும் தாராளமாகப் பேசுங்கள். மின்னஞ்சலிலும் நேர்காணலிலும் வேண்டாம். ‘லா’ சேர்த்துப் பேசுவதை மட்டும் அவசரப்பட்டுத் தொடங்காதீர்கள். அதற்கு ஒரு தாளம் உண்டு, தப்பினால் கேலியாகக் கேட்கும்.

முதல் வாரம்: பதிவும் பட்டியலும்

புத்தகம் வாங்க வேண்டாம், வகுப்பில் சேர வேண்டாம். கைப்பேசியில் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்யுங்கள்: பெயர், ஊர், செய்யும் வேலை, நேற்று என்ன செய்தீர்கள். திக்கினாலும் நிறுத்தாமல் இரண்டு நிமிடம் முடிக்க வேண்டும். தேதியைப் பெயராகப் போட்டுச் சேமித்துவிட்டு மறந்துவிடுங்கள். இப்போது கேட்டால் மனம் உடையும். பன்னிரண்டு வாரம் கழித்துத்தான் அது பயன்படும்.

பிறகு ஒரு சின்ன நோட்டில், கடந்த ஒரு மாதத்தில் ஆங்கிலத்தில் வாய் அடைத்துப்போன பத்து இடங்களை எழுதுங்கள். ‘அலுவலகம்’ என்று பொதுவாக எழுதினால் உதவாது. ‘லிஃப்டில் சூப்பர்வைசர் வார இறுதி பற்றிக் கேட்டது’, ‘வீட்டுச் சொந்தக்காரர் டெபாசிட் பற்றி ஃபோனில் கேட்டது’ என்று இடமும் ஆளும் தெரிய எழுதுங்கள். பத்தில் எது வாரம் ஒருமுறையாவது திரும்ப வருமோ அதற்கு நட்சத்திரம் போடுங்கள். நட்சத்திரம் உள்ளதிலிருந்து தொடங்குங்கள். பயம் அதிகமுள்ளதிலிருந்து தொடங்குகிறவர்கள் இரண்டாம் வாரத்தில் கைவிடுகிறார்கள்.

பேச்சு அறுந்தால் ஒட்டும் வாக்கியங்கள்

வேறு எதையும் கற்பதற்கு முன் இந்த ஐந்தும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்:

‘சாரி, கேன் யூ சே தட் அகேன்?’
‘ஸ்லோலி ப்ளீஸ்.’
‘யூ மீன் டுமாரோ மார்னிங்?’ (‘டுமாரோ மார்னிங்’ இருக்கும் இடத்தில் உங்களுக்குப் புரிந்ததைப் போடுங்கள்.)
‘கேன் யூ வாட்ஸ்அப் மீ?’
‘வெய்ட் ஆ, லெட் மீ திங்க்.’

மூன்றாவதுதான் பொன். முதல் இரண்டையும் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் எதிராளி அதே வாக்கியத்தை அதே வேகத்தில், சற்று உரக்கச் சொல்வார். புரிந்த அளவைத் திருப்பிச் சொன்னால் அவர் விட்டுப்போன துண்டை மட்டும் சரி செய்வார். பாதி புரிந்தவர் என்ற மதிப்பும் கிடைக்கும்.

இவற்றைச் சொல்லாமல் பெரும்பாலோர் செய்வது, ‘எஸ், எஸ்’ என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து நண்பரைக் கேட்பது. அங்கேதான் வேலையிடத்து வம்புகள் பிறக்கின்றன. தலையாட்டலிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் ‘சரி’ என்பதற்கு இடமும் வலமுமாகத் தலையை அசைப்போம். மலேசியத் தமிழருக்கு அது புரியும். அதைப் பார்த்துப் பழகாத சீன மேலாளருக்கு அது ‘இல்லை’ போலவோ ‘தெரியவில்லை’ போலவோ தோன்றும். பணி சொல்லி முடித்ததும் தலையை மேலும் கீழும் ஒருமுறை அசைத்து, ‘ஓகே, கேன்’ என்று வாயாலும் சொல்லிவிடுங்கள்.

நாக்கு வேலை: ஐந்தே ஐந்து ஒலிகள்

உச்சரிப்பை முழுவதும் மாற்றப் போனால் ஆயுள் போதாது. தமிழ் நாக்குக்கு இங்கே தகராறு செய்யும் ஒலிகள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம், நாளுக்குப் பத்து நிமிடம்.

முதலாவது, எண்கள். பதினைந்தும் ஐம்பதும். வாடகை, விலை, ஷிஃப்ட் நேரம் எல்லாம் இதில்தான் கவிழும். ‘ஃபிஃப்டீன்’ என்பதில் கடைசி அசையை நீட்டி அழுத்த வேண்டும். ‘ஃபிஃப்டி’ என்பதில் முதல் அசையை அழுத்தி, கடைசியைச் சுருக்கென வெட்ட வேண்டும். 13–30 முதல் 19–90 வரை ஏழு இணைகள். நண்பர் ஒருவர் ஒன்றைச் சொல்ல, நீங்கள் எண்ணை எழுதுங்கள். பிறகு இடம் மாறுங்கள். இருபதுக்குப் பதினெட்டு சரியாக வரும்வரை விடாதீர்கள். அதற்குள் கடையில் அவசரம் என்றால் இந்த ஊர்க்காரர்கள் செய்வதையே செய்யுங்கள்: ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஜீரோ’ என்று இலக்கமாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, சொல் முதலில் வரும் ‘ப’. தமிழில் ‘பல்’ என்னும்போது வாயிலிருந்து காற்று வெடிப்பதில்லை. ஆங்கிலத்தில் பேனாவைக் குறிக்கும் ‘பென்’னில் வெடிக்கும். அந்தக் காற்று இல்லாவிட்டால் சீனர் காதுக்கு அது ‘b’ ஒலியாக, அதாவது ‘பஸ்’ஸில் வரும் முதல் ஒலியாக விழும். மெல்லிய டிஷ்யூத் தாளை உதட்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் முன்னே தொங்கவிட்டு ‘பென்’, ‘பேப்பர்’, ‘பார்க்கிங்’ சொல்லுங்கள். தாள் ஆட வேண்டும். ‘பஸ்’, ‘பாஸ்’ (முதலாளி), ‘பேங்க்’ சொல்லும்போது ஆடக்கூடாது. ‘டைம்’, ‘காப்பி’ ஆகியவற்றின் முதல் ஒலிக்கும் இதே காற்றுதான்.

மூன்றாவது ‘ஃப’. மேல்பல் கீழுதட்டின் உள்விளிம்பில் உரச வேண்டும், உதடுகள் இரண்டும் ஒட்டக்கூடாது. கண்ணாடி முன் நின்று ‘ஃபைவ்’, ‘ஃபீவர்’, ‘ஃப்ளோர்’. பல் தெரியவில்லை என்றால் ஒலி தவறு.

நான்காவது ‘ஜீரோ’, ‘ஜிப்’ ஆகியவற்றில் நாம் ‘ஜ’ போடும் ஒலி. ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டிக்கொண்டே தொண்டையில் விரலை வையுங்கள். அப்படியே குரலைச் சேர்த்தால் தேனீ ரீங்காரம் வரும். விரலில் அதிர்வு தெரிந்தால் சரி.

ஐந்தாவது, வால். ‘பஸ்ஸு’, ‘லிஃப்டு’, ‘செக்கு’ என்று கடைசியில் ஒட்டும் உகரம். அதை வெட்ட எளிய வழி, அடுத்த சொல்லோடு சேர்த்துவிடுவது: ‘செக்கிட்’, ‘லிஃப்டிஸ்’. தலைப்பக்கமும் இதே தொல்லை உண்டு. ‘எட்டு’ என்பதைப் பேச்சில் ‘யெட்டு’ என்பது போல, ‘எக்ஸாம்’ ‘யெக்ஸாம்’ ஆகிறது, ‘ஓன்லி’ ‘வோன்லி’ ஆகிறது. குரல் எழும்பும் முன்பே வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் அந்த யகரமும் வகரமும் நுழையாது.

அகராதிச் செயலியில் சொல்லுக்குப் பக்கத்தில் உச்சரிப்புக் குறி இருக்கும். அதில் மேலே சின்னக் கோடு விழுந்திருந்தால், அதை அடுத்து வரும் அசையை அழுத்த வேண்டும். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய சமமாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் அழுத்தம் இடம் மாறினால் சொல்லே அடையாளம் தெரியாமல் போகும். ‘டெவலப்’ என்பதில் அழுத்தம் நடுவில்.

ஒரு இடத்தை முழுதாகத் தயார் செய்வது: கிளினிக்

நட்சத்திரம் போட்ட இடம் எதுவானாலும் முறை ஒன்றுதான். அங்கே என்ன வரிசையில் என்ன கேட்பார்கள் என்று எழுதுவது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலைத் தயாராக வைப்பது. கிளினிக்கை எடுத்துக்கொள்வோம்.

கவுண்டரில் முதல் கேள்வி ‘ஃபர்ஸ்ட் டைம்?’ அடுத்து ‘ஐசி?’ ஐசி என்பது மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை. நீங்கள் ‘நோ ஐசி, பாஸ்போர்ட்’ என்று பாஸ்போர்ட்டை நீட்டுங்கள். அதற்கடுத்து ‘விச் கம்பெனி?’ அல்லது ‘பேனல் ஆர் கேஷ்?’ உங்கள் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள கிளினிக்கைத்தான் பேனல் கிளினிக் என்கிறார்கள். அங்கே கம்பெனி கட்டும், மற்ற இடங்களில் நீங்கள் கட்ட வேண்டும். இதை மனிதவளப் பிரிவில் முன்பே கேட்டு, பேனல் பட்டியலைக் கைப்பேசியில் வைத்திருங்கள்.

உள்ளே மருத்துவர் கேட்பவை: என்ன பிரச்சினை, ‘ஹவ் லாங் ஆல்ரெடி?’ (எத்தனை நாளாக), ‘எனி அலர்ஜி?’ (மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா), ‘டேக்கிங் எனி மெடிசின்?’, ‘வாண்ட் எம்சி?’ பதில்களை வாக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள்: ‘ஐ ஹேவ் ஃபீவர் ஃபார் டூ டேஸ்.’ ‘நோ அலர்ஜி.’ ‘எஸ், ஐ நீட் எம்சி ஃபார் டுடே.’ நாள் கணக்குக்கு ‘ஃபார்’, தொடங்கிய நாளுக்கு ‘சின்ஸ்’. ‘சின்ஸ் டூ டேஸ்’ நம் ஊர் வழக்கு.

உடம்புச் சொற்களில் கவனம். வயிற்றுப்போக்குக்கு நாம் சொல்லும் ‘லூஸ் மோஷன்’ எல்லாருக்கும் புரியாது, ‘டயரியா’ என்றால் புரியும். தலைசுற்றலுக்கு இங்கே அதிகம் கேட்பது ‘கிட்டி’. சளிக்கு ‘ஃபிளெம்’. குமட்டலுக்கு ‘ஐ ஃபீல் லைக் வாமிட்டிங்’. சூட்டு உடம்பு என்பதை எப்படிச் சொல்வது என்று தலையைச் சொறிய வேண்டாம். இந்த ஊர் ஆங்கிலத்தில் அதற்கு ‘ஹீட்டி’ என்றே ஒரு சொல் உண்டு. சூடு, குளிர்ச்சி என்று உணவைப் பிரிக்கும் பழக்கம் சீனர்களுக்கும் இருப்பதால் வந்தது. மருத்துவர் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார். ஆனால் ‘உடம்பு ஒரு மாதிரியா இருக்கு’ என்பதற்கு ஆங்கிலம் தேடாதீர்கள். எங்கே வலி, எப்போதிருந்து, எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள்.

மருந்து தரும்போது வேகமாகச் சொல்வார்கள். ‘ட்வைஸ் எ டே, ஆஃப்டர் ஃபுட்’ என்றால் இருவேளை, சாப்பிட்ட பின். ‘ஃபினிஷ் த கோர்ஸ்’ என்றால் குணமானாலும் நிறுத்தாமல் மாத்திரை முழுதையும் முடிக்க வேண்டும், பெரும்பாலும் ஆன்டிபயாடிக்குக்குச் சொல்வது. ‘மே பி ட்ரவுசி’ என்றால் தூக்கம் வரும், மோட்டார் ஓட்டாதே. வாங்கியதும் ஒவ்வொரு பாக்கெட்டையும் தொட்டுத் திருப்பிச் சொல்லுங்கள்: ‘திஸ் ஒன் ட்வைஸ், திஸ் ஒன் ஒன்லி வென் பெயின்?’ தப்பாக இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள்.

இதை எழுதி வைத்தால் மட்டும் வராது. அறை நண்பரை கவுண்டர் ஆளாக உட்காரவைத்து மூன்று முறை ஓட்டுங்கள். மூன்றாவது முறை அவர் கேள்வி வரிசையை மாற்றிக் கேட்கட்டும். மனப்பாடம் அங்கே உடையும். அங்கே உடையட்டும், கிளினிக்கில் உடையாது.

999 மட்டும் தனியாக ஒத்திகை பார்க்க வேண்டியது. போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் அதே எண். முதலில் இடம், பிறகு நடந்தது, பிறகு உங்கள் எண். நீங்கள் தங்கும் இடத்தின் ஜாலான் (சாலை) பெயரையும் அருகிலுள்ள அடையாளத்தையும் ஆங்கிலத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள்.

வேலையிடம்: மூன்று வாக்கிய அறிக்கை

சூப்பர்வைசரிடம் நீளமாகப் பேச முயன்றுதான் பலர் சிக்குகிறார்கள். பிரச்சினையைச் சொல்ல மூன்று வாக்கியம் போதும்: என்ன, எப்போதிருந்து, நீங்கள் என்ன செய்தீர்கள். ‘மெஷின் நம்பர் ஃபோர் ஸ்பாயில். சின்ஸ் டென் ஓ க்ளாக். ஐ ஸ்டாப் ஆல்ரெடி, டெக்னீஷியன் கமிங்.’ இலக்கண ஆசிரியர் முகம் சுளிப்பார், ஆனால் பாயான் லெப்பாஸில் எந்த லைன் லீடரும் இதைக் கேட்டு மறுகேள்வி கேட்கமாட்டார். மாற்று ஷிஃப்ட் ஆளிடம் ஒப்படைக்கும்போதும் இதே மூன்று. பழகியபின், இறந்தகாலத்தைச் சேர்த்து அழகுபடுத்தலாம்: ‘ஐ ஸ்டாப்ட் இட்’.

சம்பளத் தகராறு இன்னும் கடினம், ஏனெனில் கோபமும் பயமும் ஒன்றாக வரும். பேச்சை எண்ணிலிருந்து தொடங்குங்கள். ‘பாஸ், ஐ டிட் டுவெல்வ் அவர்ஸ் ஓடி. பேஸ்லிப் ஷோஸ் நைன். கேன் யூ செக் ஃபார் மீ?’ (‘ஓடி’ என்றால் கூடுதல் நேர வேலை, ‘பேஸ்லிப்’ சம்பளச் சீட்டு.) குற்றம் சாட்டும் சொல் ஒன்றுகூட இல்லை, கணக்கு மட்டும் மேசையில் இருக்கிறது. கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு வேலைநேர உச்சவரம்பு 45 மணி. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளக்காரருக்கு, சாதாரண நாளில் கூடுதல் நேரத்துக்கு மணிச் சம்பளத்தைப்போல ஒன்றரை மடங்கு. ஓய்வுநாளின் கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு, பொது விடுமுறையின் கூடுதல் நேரத்துக்கு மூன்று மடங்கு. தெரிந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர் குரல் தானாகவே நிலைக்கும்.

விடுப்புச் செய்தி வாட்ஸ்அப்பில் போதும்: ‘குட் மார்னிங் பாஸ். ஐ ஹேவ் ஃபீவர். கோயிங் டு க்ளினிக் நவ். வில் செண்ட் எம்சி.’ இதை முன்பே தட்டி வரைவாக வைத்திருங்கள். காய்ச்சலோடு வாக்கியம் யோசிக்க முடியாது.

தொலைபேசி

இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முகம் தெரியாது, உதடு தெரியாது, பின்னால் சாலை இரைச்சல். அழைக்கும் முன் தாளில் மூன்று வரி: நான் யார், எதற்கு, எனக்கு என்ன பதில் வேண்டும். பதில் வந்ததும் எண்ணையும் நேரத்தையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள்.

பெயர்தான் பெரிய இடறல். தமிழ்நாட்டில் முன்னெழுத்தோடு வாழ்ந்தவருக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும். எது உங்கள் பெயர் என்று இங்கே குழம்புவார்கள். ‘மை நேம் இஸ் முருகேசன். த அதர் ஒன் இஸ் மை ஃபாதர்ஸ் நேம்’ என்று ஒரு வரி தயாராக இருக்கட்டும். எழுத்துக்கூட்டும்போது ஒரே மூச்சில் ஒன்பது எழுத்தைக் கொட்டாதீர்கள். மூன்று மூன்றாக: எம் யூ ஆர், இடைவெளி, யூ ஜி ஈ, இடைவெளி, எஸ் ஏ என். ஃபோனில் ஒன்றாகக் கேட்கும் எழுத்துகளுக்கு ஊர்ப்பெயர் சேர்க்கலாம்: ‘பி ஃபார் பினாங்கு’, ‘பி ஃபார் பேங்காக்’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறதல்லவா, ஃபோனிலும் அப்படித்தான். எட்டாவது எழுத்தை இங்கே பலர் ‘ஹெய்ச்’ என்பார்கள், திகைக்க வேண்டாம். மாடி எண்ணில் ‘த்ரீ ஏ’ என்றால் அது நான்காவது மாடி. சீனருக்கு நான்கு ஆகாத எண் என்பதால் பல கட்டடங்களில் அப்படி.

நாளுக்கு நாற்பது நிமிடம்

வேலைக்குப் போய்வரும் எல்ஆர்டி ரயில் அல்லது பேருந்து நேரமே இதற்குப் போதும். ரயிலில் வாய்விட்டுப் பேச வெட்கம் என்றால் காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், ஃபோன் பேசுவதாக நினைப்பார்கள். முகக்கவசம் போட்டால் இன்னும் வசதி.

நிழல் பயிற்சி என்று ஒன்று உண்டு. பேசுபவரின் நிழல்போல அரை வினாடி பின்னால் அதே சொற்களைச் சொல்லிக்கொண்டே போவது. பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ இணையத்தில் இலவசம், எழுத்து வடிவமும் உண்டு. அதிலிருந்து முப்பது, நாற்பது வினாடித் துண்டு ஒன்றை எடுங்கள்.

1. எழுத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேளுங்கள்.
2. எழுத்தைப் பார்த்து, பிடிபடாமல் போன சொற்களை மட்டும் குறியுங்கள்.
3. ஒலியோடு கூடவே ஐந்து முறை சொல்லுங்கள். வேகம் தாங்கவில்லை என்றால் 0.75-க்குக் குறையுங்கள்.
4. ஒலியை நிறுத்திவிட்டு நீங்களே சொல்லிப் பதிவு செய்யுங்கள்.
5. இரண்டையும் ஒப்பிட்டு ஒரே ஒரு குறையைத் தேர்ந்து நாளைக்கு அதை மட்டும் திருத்துங்கள்.

தினம் புதுத் துண்டு வேண்டாம். ஒரே துண்டு மூன்று நாள். இதில் அவசரப்படுகிறவர்கள் நூறு துண்டு கேட்டும் ஒன்றும் வாயில் நிற்காமல் போகிறார்கள். உள்ளூர் காதுக்கு பிஎஃப்எம் 89.9 வானொலியும், அரசு ஒலிபரப்பான ஆர்டிஎம்மின் ட்ராக்ஸ் எஃப்எம்மும் கேளுங்கள். முதல் மாதம் பாதி புரியாது, பின்னணியில் ஓடினால் போதும்.

மீதி நேரத்தில் நோட்டு. தனிச்சொல் எழுதாதீர்கள், முழு வாக்கியம் எழுதுங்கள், வாரத்துக்குப் பத்து. அன்று யாரோ சொல்லி உங்கள் காதில் விழுந்த வாக்கியமாக இருந்தால் சிறப்பு.

யாரோடு பேசுவது

அறையில் தமிழர், கடையில் தமிழர், பினாங்கில் நாசி கண்டார் சோற்றுக் கடையிலும் அநேகமாகத் தமிழ் முஸ்லிம் அண்ணன்மார். உங்கள் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிவிடுவார்கள், அன்பால்தான். வாரத்தில் இரண்டு வேளையாவது தமிழ் எடுபடாத கடையில் சாப்பிடுங்கள்.

பலர் கவனிக்காத ஒரு புதையல், இந்த ஊர்ப் பெரியவர்கள். 1816-இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல், 1893-இல் தொடங்கிய கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் போன்ற பள்ளிகள் ஒரு காலத்தில் ஆங்கில வழியில் நடந்தவை. 1970-இல் முதலாம் வகுப்பிலிருந்து தொடங்கி இத்தகைய பள்ளிகள் படிப்படியாக மலாய் வழிக்கு மாறின. ஆகவே இப்போது அறுபதைத் தாண்டிய நகரத்துக்காரர்களில் பலர் நிதானமான, தெளிவான ஆங்கிலம் பேசுவார்கள், பேச நேரமும் உண்டு. காலையில் பினாங்கு தாவரவியல் பூங்காவிலோ கோலாலம்பூர் தித்திவாங்சா ஏரிப் பக்கமோ நடந்தால் அவர்களைப் பார்க்கலாம். ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்று அழைத்து ‘குட் மார்னிங்’ சொல்லித் தொடங்குங்கள். நான்காவது நாள் அவர்களே நின்று பேசுவார்கள். எங்கிருந்து வருகிறாய், சாப்பிட்டாயா, சம்பளம் எவ்வளவு என்பதுவரை போகும், தயாராக இருங்கள்.

மேடை பயம் தீர, மேடைப் பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் இரு நகரங்களிலும் உண்டு. விருந்தினராகப் போய் உட்காரலாம், பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தமாட்டார்கள். ‘டேபிள் டாபிக்ஸ்’ பகுதியில் கொடுத்த தலைப்பில் ஒன்று, இரண்டு நிமிடம் பேச வேண்டும். சேர்ந்தபின் முதல் உரை நான்கு முதல் ஆறு நிமிடம், உங்களைப் பற்றித்தான். அன்றாடக் கடைப்பேச்சே வராத நிலையில் இங்கே போகாதீர்கள். மூன்றாவது மாதத்துக்கு இது.

இடையில் நின்றுபோவது ஏன்

நான்காம், ஐந்தாம் வாரத்தில் முன்பைவிட மோசமாகப் பேசுவதாகத் தோன்றும். காது வளர்ந்துவிட்டது, சொந்தத் தவறுகள் இப்போதுதான் கேட்கின்றன, அவ்வளவுதான். அந்த வாரம் புதிதாக எதையும் சேர்க்காமல் பழைய ஒத்திகைகளை மட்டும் ஓட்டுங்கள்.

கேலி இன்னொன்று. பெரும்பாலும் அது நம்மவரிடமிருந்தே வரும். ‘என்ன, பெரிய துரை ஆயிட்டீங்களா மச்சான்’ என்பார்கள். அறையில் அவர்கள் முன்னால் பயிற்சி செய்யாதீர்கள், நூலகத்துக்கோ ரயிலுக்கோ போங்கள். சண்டைக்கு நேரம் செலவிட வேண்டாம்.

மூன்றாவது, மனதுக்குள் தமிழில் முழு வாக்கியம் செய்து பிறகு பெயர்ப்பது. தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் இரண்டாவதாகவே வந்துவிட வேண்டும். அதனால் பெயர்க்கத் தொடங்கினால் வாக்கியம் பாதியில் நிற்கும். ‘ஐ’ போட்டதும் வினையைப் போட்டுவிடுங்கள்: ‘ஐ நீட்’, ‘ஐ வாண்ட்’, ‘ஐ வெண்ட்’. மிச்சம் பின்னால் துண்டு துண்டாக வரலாம். ‘ஐ வெண்ட்... யெஸ்டர்டே... பேங்க்... வித் மை பாஸ்’ என்றாலும் கேட்பவருக்கு விளங்கிவிடும்.

பன்னிரண்டாம் வாரக் கடைசியில் முதல் நாள் பேசிய அதே தலைப்புகளில் மறுபடி இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். பிறகு பழையதைக் கேளுங்கள். நீண்ட மௌனங்களை இரண்டிலும் எண்ணுங்கள், உகர வால்களையும் எண்ணுங்கள். பத்து இடப் பட்டியலை எடுத்து, இப்போது தயங்காமல் போகக்கூடியவற்றை அடித்துவிடுங்கள். அடிபடாமல் நிற்பவை அநேகமாகத் தொலைபேசியும், லிஃப்டில் மேலாளரோடு வரும் அந்த இருபது வினாடியும்தான். அடுத்த பட்டியலின் முதல் இரண்டு வரிகளாக அவற்றையே எழுதுங்கள்.